ஊருக்கென ஓர் அலுமாரி

சிலாபத்து நீதிமன்றத்திலே, இற்றைக்கு ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர், மாவட்ட நீதிபதியாய் அமர்ந்து, பகலெல்லாம் காணி வழக்கும் கடன் வழக்கும் கேட்டுத் தீர்ப்பு எழுதிய ஒருவர், அவ்வுத்தியோகக் கடமைகள் ஓய்ந்த பொழுதுகளில், கம்பர் யார், ஒளவையார் யார், தென்னாட்டிலும் ஈழத்திலும் தமிழ் பாடிய ஏனைய புலவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவர் சரித்திரத்தையும் தேடித் திரட்டி, அதனை ஒரு கிரந்தமாக உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் சைமன் காசிச்செட்டி. 1859ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சாகி, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரோடு வெளிவந்த அந்த ஆங்கில நூல், தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்துச் சொல்லிய முன்னோடி நூல்களுள் தலையாயது. பழைய கிரேக்க ஆசிரியராகிய புளூட்டாக் கிரேக்க, உரோமப் பெரியோர் சரித்திரங்களை எழுதி வைத்தது போல, தம் மொழிப் புலவர்களுக்கும் ஒருவர் செய்ய வேண்டும் என்ற அபிமானத்தினாலேயே அவர் அப்பெயரை வைத்தார் என்பது, பெயரைக் கேட்ட மாத்திரத்தில் விளங்கும்.

இன்று சிலாபத்துக் கடைத்தெருவில் நின்று, இந்தப் பெயரை அறிவீர்களா என்று வருவோர் போவோர் பத்துப் பேரைக் கேட்டால், ஒருவரேனும் ஆம் என்பாரோ என்பது எனக்குச் சந்தேகமே. அது அந்தப் பத்துப் பேரின் குற்றமன்று. ஓர் ஊர் தன் நினைவை வைத்துக் காப்பதற்கு ஓரிடம் வேண்டும். அங்கே போய்க் கேட்டவருக்கு எடுத்துக் காட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டும். அந்த இடம் பொது நூலகம். அந்தப் பொருள் புத்தகம். ஆகையால் நான் இங்கே சொல்ல வருவது ஒன்றே: உலகத்து அறிவில் தன் சக்திக்கேற்ற ஒரு பங்கை வாசகருக்கு வழங்குவது எந்த நூலகத்துக்கும் பொதுவான கடமை, ஆனால் தன் ஊரைப் பற்றி எழுதப்பட்டவை, தன் ஊரில் எழுதப்பட்டவை ஆகிய அனைத்தையும் ஒன்றும் விடாமல் சேர்த்து வைப்பது சிற்றூர் நூலகத்துக்கே உரிய தனிக்கடமை. அதை அந்நூலகம் செய்யாவிட்டால், இந்த உலகத்தில் வேறெந்த ஸ்தாபனமும் அதற்காகச் செய்யப் போவதில்லை.

காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியிலே பிறந்தவர். ஆகவே இன்றைய புத்தளம் மாவட்டத்தின் மைந்தர். இருபத்தேழாம் வயதில், 1834இல், ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலை எழுதி, கோட்டேயிலிருந்த மிஷன் அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார். இலங்கையின் மாவட்டங்கள், பட்டினங்கள், பிரதான கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், அங்கங்கே வாழும் சனங்கள், அவர்களுடைய ஆசாரங்கள், பயிர்த்தொழில், வணிகம், ஆலயங்கள், இடிபாடுகள் ஆகிய யாவற்றையும் அகரவரிசையில் நிறுத்தி விவரிக்கும் அந்நூலை, இந்நாட்டவர் ஒருவர், அதுவும் ஒரு கரையோரச் சிற்றூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், அந்தக் காலத்திலே எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் பூரிக்கிறது. 1838இல் அவர் சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார்; 1845இல் அப்பதவியை விடுத்து அரசாங்க சிவில் சேவையில் சேர்ந்தார்; பின்னர் சிலாபத்து நீதிபதியானார். புலவர் சரித்திரம் வெளிவந்த மறு ஆண்டாகிய 1860இல் காலமானார்.

அவருடைய சிரத்தையின் விரிவு இன்னும் பெரிது. கிறிஸ்தவராகிய அவர், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஆராய்ந்து, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். பரவர், முக்குவர் முதலாய கரையோரச் சமூகங்களின் பூர்வீகத்தைப் பற்றி எழுதினார். சைவரும் வைணவரும் சமணரும் ஆகிய புலவர்களை ஒரே நூலில் ஒரே மரியாதையோடு நிறுத்தினார். கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் ஒரே காற்றில் கலந்து வரும் இந்தக் கரைக்கு, அவரைப் போன்ற ஒரு மூதாதை கிடைத்தது பெரும் பாக்கியம் என்றே நான் கருதுகிறேன். 1946இல் கொழும்பில் ‘தமிழ் புளூட்டாக்’ மறுபடியும் பதிப்பிக்கப்பட்டபோது, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற ஒரு பேரறிஞர் அதற்குக் குறிப்புரை எழுதினார். அந்தப் பதிப்பு வெளிவந்தும் எண்பது ஆண்டுகள் ஆகின்றன.

இப்படிப்பட்ட நூல்களை எழுதுவதற்கு அவருக்கு இருந்த வசதி யாது? கொழும்பிலே 1824இல் ஒரு நூலகமும், 1829இல் புறக்கோட்டையில் மற்றொன்றும் தோன்றியிருந்தன என்பது மெய்யே. ஆனால் அவை சந்தா செலுத்தும் அங்கத்தவர்களுக்கென்று அமைந்தவை. அவ்விரண்டும் இணைந்து கொழும்புப் பொது நூலகமாக மாறுவதற்கு 1925 வரை ஒரு நூற்றாண்டு காலம் செல்ல வேண்டியிருந்தது. தமிழ் ஏடுகளோ அக்காலத்தில் வீடுகளிலும் மடங்களிலும் பரண்மேல் இருந்தன. ஓர் ஏட்டைப் பார்க்க விரும்புபவர் அதை வைத்திருப்பவரை முதலில் அறிந்திருக்க வேண்டும். அவருடைய நம்பிக்கையைப் பெற வேண்டும். ஏட்டை இரவல் கொடுக்க மனமில்லாவிட்டால் அவ்வீட்டுத் திண்ணையிலேயே இருந்து பிரதி பண்ணிக்கொள்ள வேண்டும். அறிவு வேண்டியவனுக்கு முதலில் உறவு வேண்டியிருந்த காலம் அது. அந்த நிலையை மாற்றி, யாருடைய மகன், யாருடைய மகள் என்று கேளாமல், வந்தவர் கையில் புத்தகத்தைக் கொடுக்கும் ஓரிடத்தை உண்டாக்கியதே பொது நூலகம் என்னும் ஏற்பாடு. நம் பாட்டன் பூட்டன் காலத்துக்குத் தெரியாத இந்த ஏற்பாட்டை, நாம் பிறந்தபோதே இருந்ததாகையால், காற்றைப் போலவும் வெயிலைப் போலவும் எண்ணிக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இந்தக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றின் நூலகத்துக்குக் காசிச்செட்டியின் நூல்களைத் தேடிப் போனேன். ஊரின் பெயரைச் சொல்வது இங்கு வேண்டியதில்லை. எந்த ஊரிலும் அதுவே நிகழ்ந்திருக்கும். நூலகத்தில் கடமையிலிருந்த இளம்பெண், பெயரை இரண்டு தரம் கேட்டுத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, உசாத்துணைப் பகுதிக்குப் போய்த் தேடிவிட்டு, “ஐயா, அந்தப் பேரில எங்களிட்ட ஒன்றும் இல்லை, பரீட்சைக்குள்ள புத்தகமா?” என்று மிகுந்த பணிவோடு கேட்டார். பரீட்சைக்கில்லை, மகள், நம்முடைய ஊருக்குள்ளது என்று சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, பழைய இடாப்பைப் பார்க்கலாம் என்று ஓர் அலுமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்தி எடுக்க வேண்டிய பாரமுள்ள ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

நூலகத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு நூலையும் வந்த ஒழுங்கில் பதியும் இடாப்பு அது. சிவப்புத் துணியிட்ட மூலைகள் நைந்திருந்தன. தொடரிலக்கம், திகதி, ஆசிரியர், நூற்பெயர், பதிப்பித்த இடமும் ஆண்டும், விலை, கொடுத்தவர் பெயர், குறிப்பு என்று பத்திகள் கோடிடப்பட்டிருந்தன. முதற் பக்கங்களில் மை பழுப்பேறி, எழுத்து மட்டும் ஒரே கையெழுத்தாய், அச்சுக் கோத்தாற்போல் இருந்தது. ஓரிடத்தில், அடுத்தடுத்து நாலைந்து பக்கங்களுக்கு, ‘கொடுத்தவர் பெயர்’ என்ற பத்தியில் ஒரே பெயர் வந்துகொண்டிருந்தது. அது ஓர் ஆசிரியரின் பெயர் என்றும், அவர் காலமான பின்னர் அவருடைய வீட்டார் அவர் சேர்த்த புத்தகங்களையெல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும் அப்பெண் சொன்னார். இலக்கணம், நிகண்டு, புராணம், வைத்தியம், சோதிடம், ஆங்கில அகராதி என்று ஒரு மனிதனுடைய ஆயுட்கால விருப்பங்களெல்லாம் அந்தப் பக்கங்களில் வரிசையாய் நின்றன. ஆனால் கண்ணை வலப்பக்கம் கொண்டுபோய் ‘குறிப்பு’ என்ற பத்தியைப் பார்த்தபோது, அந்த வரிகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரே, வேறு காலத்து வேறு மையில், ‘நீக்கம்’ என்ற ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது.

நீக்கியவரை நான் குறை சொல்லவில்லை. செல்லரித்த புத்தகம், அட்டை கழன்ற புத்தகம், பத்து வருஷமாக ஒருவரும் இரவல் பெறாத புத்தகம் ஆகியவற்றைக் கழிப்பது நூலக நிருவாகத்தில் ஒரு வழக்கமான காரியம். இடமின்றித் தவிக்கும் சிறு கட்டடத்திலே அது தவிர்க்கவும் இயலாதது. ஆயினும் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கவே கூடாது என்று பிரித்துச் சொல்லும் விதி ஒன்று அங்கு இருந்திருக்குமாயின், பரீட்சை வழிகாட்டி ஒன்று போயிருக்கும். அந்த ஆசிரியரின் ஏடும் நிகண்டும் இருந்திருக்கும். பரீட்சை வழிகாட்டியை எந்தக் கடையிலும் மறுபடி வாங்கலாம். ஊர் ஆசிரியர் ஓரத்தில் குறிப்பெழுதிய நிகண்டை எங்கே வாங்குவது?

பொது நூலகத்தின் பிறப்பை அறிய விரும்புவோருக்கு யாழ்ப்பாணத்தின் சரித்திரமே கண்கண்ட சாட்சி. அதுவும் நீதிமன்றத்தைச் சேர்ந்த ஒரு மனிதரிடமிருந்தே தொடங்குகிறது. நீதிமன்றச் சக்கடத்தாராகிய க. மு. செல்லப்பா என்பவர், 1933இல் தம் வீட்டிலிருந்தே அயலாருக்குப் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க ஒரு தமிழ் நூலகம் வேண்டும் என்று அவ்வாண்டின் இறுதியில் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1934ஆம் ஆண்டு ஜூன் மாதம் கூடிய பெரியோர், ஐசாக் தம்பையாவைத் தலைவராகவும் செல்லப்பாவைச் செயலாளராகவும் கொண்டு ஒரு குழுவை அமைத்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி ஆஸ்பத்திரி வீதியில், வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடும் ஏறக்குறைய முப்பது பத்திரிகை சஞ்சிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே உள்ளூர் நகர சபை அதனைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. பின்னர் சென்னைக் கட்டடச் சிற்பியாகிய நரசிம்மன் வரைந்த திட்டப்படி, நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்த புதிய மாளிகை 1959இல் திறக்கப்பட்டது.

இந்தச் சரித்திரத்தில் நான் மிகவும் போற்றுவது மாளிகையை அன்று. வாடகை அறையையும், அதற்கு முந்திய வீட்டு விறாந்தையையும். 844 என்பது பெரிய எண்ணன்று. இன்று வசதியுள்ள ஓர் ஆசிரியர் வீட்டிலே அவ்வளவு புத்தகம் இருக்கலாம். ஆனால் ஒருவருடைய அலுமாரியில் இருக்கும்வரை அது சொத்து. ஊருக்கென்று ஓரறையில் வைத்து, இடாப்பில் ஏற்றி, கதவைத் திறந்துவிட்டால் அது தர்மம். தனி மனிதனின் பிரீதியாய் முளைத்தது, ஊராரின் முயற்சியாய் வளர்ந்து, சபையின் கடமையாய் நிலைபெற்றது. இந்த மூன்று படிகளில் ஒன்று இல்லாவிட்டாலும் சிற்றூர் நூலகம் நிற்காது. பிரீதி இல்லாத இடத்தில் சபை கட்டடம் கட்டினால் அங்கே பத்திரிகை வாசிப்போர் மட்டுமே வருவர். சபை கைகொடுக்காத இடத்தில் பிரீதி மட்டும் இருந்தால், அந்த மனிதர் காலமான மறுநாளே புத்தகம் பழைய கடதாசிக் கடைக்குப் போகும்.

அதே காலத்தில், கடலுக்கு அப்பால் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலே, கனகசபைப் பிள்ளை என்னும் பெரியார், மாட்டுவண்டியிலே புத்தகங்களை ஏற்றி ஊரூராய்க் கொண்டுபோய் வாசிக்கக் கொடுக்கும் நடமாடும் நூலகத்தை 1931இல் தொடங்கினார். அந்த 1931ஆம் ஆண்டிலேயே, சீர்காழியில் பிறந்து சென்னைச் சர்வகலாசாலை நூலகராயிருந்த ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிட்ட வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் இரண்டு. இரண்டாவது சொன்னதை நம் சிற்றூர் நூலகங்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். காசிச்செட்டியின் நூலுக்கு உரிய வாசகன் லண்டனிலும் இருக்கலாம், சென்னையிலும் இருக்கலாம்; ஆனால் அதற்கு மிக உரிய வாசகன், அவர் தீர்ப்பெழுதிய ஊரிலே இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையல்லவா?

ரங்கநாதனின் அயராத பிரயாசையின் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒன்று அறவிடப்பட்டு, அது நூலகத்துக்கே உரிய நிதியாயிற்று. நம் நாட்டிலோ பொது நூலகம் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் பொறுப்பு. வடிகாலுக்கும் வீதி விளக்குக்கும் குப்பை வண்டிக்கும் ஒதுக்கியது போக எஞ்சியதை வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தில் நூலகத்துக்கு ஒதுக்குவது எங்கும் காணும் வழக்கம். வீதியில் பள்ளம் விழுந்தால் மறுநாளே முறைப்பாடு வரும். அலுமாரியில் பள்ளம் விழுந்தால் எவரும் முறையிடுவதில்லை. ஆகையால் சபை அங்கத்தவர்களை மட்டும் நொந்து பயனில்லை. கேட்காத ஊருக்குக் கொடுக்கும் சபை எங்குமில்லை.

இனி, ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் அபாயத்தையும் அதே யாழ்ப்பாணம் நமக்கு மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்பித்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு அந்நூலகத்துக்கு மூட்டப்பட்ட தீயிலே ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு மறுபிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த மாளிகை மறுபடி எழுந்து நிற்கிறது. ஆனால் எரிந்த ஏடு மறுபடி முளைக்கவில்லை. அந்தத் துயரத்தின் நினைவு உள்ளத்தில் கிடக்கவே, 2005இல் தொண்டர் சிலர் கூடி ‘நூலகம்’ என்ற பெயரில் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து இணையத்திலே யாவருக்கும் திறந்து வைக்கத் தொடங்கினர். நம் ஊருக்குத் தீயைவிட நீரே நெருங்கிய பகை. தெதுறு ஓயா பெருகும் காலத்தில் சிலாபத்தில் எவ்வளவு வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பின்னர் முற்றத்தில் காயப்போட்ட பாய் தலையணைகளோடு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பள்ளிக்கூடச் சஞ்சிகைகளும், கலியாணப் படங்களும், கோயில் மலர்களும் கிடப்பதைக் கண்டவர்கள், நூலகத்தில் ஒரு பிரதியும் வெளியிடத்தில் ஒரு பிரதியும் என்ற நியதியின் அருமையை உடனே உணர்வார்கள்.

அந்த அலுமாரியில் வைப்பதற்கு நமக்கு என்ன உண்டு என்று சிலர் கேட்கக்கூடும். முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். அச்சொல்லிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பது பெரியோர் வழக்கு. முன்னேச்சரத்திலே கோட்டை அரசனாகிய ஆறாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இருக்கிறது; 1578இல் போர்த்துக்கேயரால் அக்கோயில் இடிக்கப்பட்டதும், 1753இல் கண்டி அரசன் கீர்த்திஸ்ரீ இராஜசிங்கனால் மறுபடி எடுப்பிக்கப்பட்டதும் இந்நாட்டுச் சமய சரித்திரத்தில் பிரசித்தமானவை. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தபோது சிலாபத்துக்கும் வந்தார். உடப்பிலே திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதிப்பும், கரைவலை இழுப்போர் ஒரே மூச்சாய்ப் பாடும் அம்பாப் பாட்டும் இன்னும் கேட்கின்றன. இவை பெரிய சங்கதிகள். இவற்றோடு சிறிய சங்கதிகளும் உண்டு: கும்பாபிஷேக மலர், தேவாலயத் திருவிழா மலர், பள்ளிக்கூட நூற்றாண்டுச் சஞ்சிகை, கூட்டுறவுச் சங்க அறிக்கை, நாடக நோட்டீஸ், தேர்தல் துண்டுப்பிரசுரம், இறந்தவர் நினைவாக அச்சிட்டு முப்பத்தோராம் நாள் கொடுக்கும் சிறு புத்தகம். பெரிய சங்கதியை எழுதுவோர் எங்கும் இருப்பர். சிறிய சங்கதியை வைத்திருப்போர் ஊருக்குள் மட்டுமே இருப்பர். அவர்களுக்குப் பின் அதுவும் இராது.

இன்னொன்றையும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சொல்ல வேண்டும். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள இக்கரையிலே, பாட்டியார் தமிழில் செபம் சொல்லக் கேட்டு வளர்ந்து, தாம் சிங்களத்திலே படித்து, தம் பேரப்பிள்ளைகளோடு சிங்களத்திலேயே பேசும் குடும்பங்கள் பல. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஒரு குடும்பம் நகர்வது பாவமுமன்று, பழிக்கத்தக்கதுமன்று. மனிதர் வாழ்க்கையில் அது எங்கும் நடப்பது. ஆனால் அந்தப் பேரப்பிள்ளை ஒரு நாள், எங்கள் பூட்டியார் எந்தச் சொல்லால் கடவுளை அழைத்தார், மீனுக்கும் காற்றுக்கும் வலைக்கும் என்ன பெயர் வைத்திருந்தார் என்று அறிய விரும்பினால், அதைக் காட்டுவதற்கு ஓரிடம் இருக்க வேண்டுமல்லவா? ஊர் அலுமாரியிலே தமிழ் நூலும் சிங்கள நூலும் ஆங்கில நூலும் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும். நான் கேட்பது தமிழுக்கு ஒரு தனி மண்டபமன்று. மூன்று மொழியிலும் ஓடிவந்த ஓர் ஊரின் நினைவுக்கு ஒரே வீடு.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஓர் அலுமாரியும் ஓர் இடாப்பும் ஓர் ஊரை வறுமையாக்கிவிட மாட்டா. இந்த வகை நூல்களில் பெரும்பாலானவை விலைக்கு வருவனவுமல்ல, கேட்டால் கிடைப்பவை. எல்லாம் தொலைபேசியில் கிடைக்கிறதே என்பார்கள். காசிச்செட்டியின் நூல்கள் இன்று இணையத்திலும் கிடைக்கின்றன என்பது உண்மை. அதற்காக நான் மகிழ்ச்சியே அடைகிறேன். ஆனால் பெயரை அறிந்தவனே தேடுவான். பெயரையே அறியாத பிள்ளைக்கு, கதைப் புத்தகம் எடுக்க வந்த இடத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தன் ஊர்ப் பெயர் எழுதிய அலுமாரி ஒன்று நின்று முகங்காட்டினால்தான் கேட்கத் தோன்றும். மேலும் ஒருவர் வீட்டு மரப்பெட்டியில் கிடக்கும் திருவிழா மலர் தானாக இணையத்தில் ஏறிவிடாது. அதற்கு முன் அது ஒருவர் கையிலிருந்து நூலகத்தின் கைக்கு வர வேண்டும். தமிழ் வாசகர் குறைவு என்பார்கள். புதிய தமிழ் நூல் வராத அலுமாரியைப் பார்க்க எந்த வாசகர் வருவார்? வாசகர் குறைவதால் நூல் வாங்குவதில்லை, நூல் வாங்காததால் வாசகர் குறைகிறார் என்று இந்தச் செக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த வேண்டியவர் வாசகரல்லர், வாங்கும் இடத்தில் இருப்பவரே.

ஆகவே இந்தக் கரையிலுள்ள நகர சபை, பிரதேச சபை நூலகங்கள் ஒவ்வொன்றுக்கும் என் விண்ணப்பம் இதுவே. கண்ணாடிக் கதவிட்ட ஓர் அலுமாரியை, வெள்ளம் எட்டாத உயரத்தில், ஊரின் பெயரால் வைக்க வேண்டும். அதற்குத் தனி இடாப்பு ஒன்று தொடங்கி, அதில் ஏறிய நூல் எக்காரணத்தாலும் கழிக்கப்படலாகாது என்று சபையிலே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஊரில் எவர் எதை அச்சிட்டாலும், திருமண வாழ்த்தானாலும் நினைவு மலரானாலும், இரண்டு பிரதி நூலகத்துக்குக் கொடுப்பதைச் சம்பிரதாயமாக்க வேண்டும். அவற்றுள் ஒன்று இங்கேயும், மற்றொன்று கொழும்பிலுள்ள தேசிய நூலகம் போன்ற வேறிடத்திலும் இருக்கட்டும். தமிழ் நூல் தெரிவு செய்யும்போது தமிழ் வாசிக்கும் ஒருவர் அந்த மேசையில் இருக்கட்டும். ஒவ்வோர் ஒக்டோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டியும் சித்திரப் போட்டியும் நல்லவையே. அவற்றோடு, மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணிலுள்ள ஒரு பழைய அச்சுத்தாளைக் கொண்டுவந்து நூலகரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நாளை நியமித்தால், எத்தனை பொக்கிஷங்கள் வெளிப்படும் என்பதை நாமே வியந்து பார்ப்போம்.

அன்றைய தினம் அந்த இளம்பெண் பாரமான இடாப்பை மூடுவதற்கு முன், காசிச்செட்டியின் நூற்பெயர் இரண்டையும் என்னிடம் மறுபடி கேட்டு, எழுத்துக்கூட்டிச் சரிபார்த்து எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. அடுத்த மாதம் ‘தமிழ் புளூட்டாக்’கின் பிரதி ஒன்றைத் தேடிப் பெற்று, அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இடாப்பைத் திறந்து, தொடரிலக்கம் இட்டு, ஆசிரியர் பெயரை எழுதி, நூற்பெயரை எழுதி, பதிப்பித்த இடம் யாழ்ப்பாணம், முதற்பதிப்பு 1859 என்று எழுதி, விலைக்கு நேரே ஒரு சிறு கோடிட்டு, ‘கொடுத்தவர் பெயர்’ என்ற பத்திக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பல ஆண்டுகளாக அந்தப் பத்தியில் எவர் பெயரும் ஏறவில்லை என்று அவர் சொன்னார். அதற்கு மேலே இருந்த வெற்றுக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தேன். சிலாபத்திலும் உடப்பிலும் மாதம்பையிலும் கற்பிட்டியிலும் இந்தக் கட்டுரையை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு மரப்பெட்டி இருக்கும். அந்தப் பத்தி உங்கள் பெயர்களுக்காகவே கோடிடப்பட்டு இன்னும் வெறுமையாய் இருக்கிறது.